ஆற்றுவாய் வெட்டக் கேட்டவள்

சாவகச்சேரி, வெள்ளிக்கிழமை, விடிய ஐந்து மணி. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக் கதவைப் பூட்டியபோது என் வளவுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மாரித் தண்ணீர். முன்பெல்லாம் அது பின்பக்கத்தால் ஓடிப் பக்கத்து வளவு வாய்க்காலில் விழும். பக்கத்து வளவுப் பள்ளிக்கூட மாஸ்டர் போன வருடம் மதில் கட்டினார். வாய்க்கால் மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அதற்குப் பிறகு என் மல்லிகைப் பந்தலடியில் தவளைகள்தான் குடியிருக்கின்றன. மதிலில் ஓர் ஓட்டை விடச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் மனிசன் காணி உறுதிப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகவே கேட்கவில்லை.

படலையைச் சாத்தும்போது மாஸ்டரே குடையோடு பால் வாங்க வெளியே வந்தார்.

"எங்கை அக்கா, வெள்ளெனக் கிளம்பியாச்சு?"

"மட்டக்களப்புப் பக்கம். என்னோடை வேலை செய்த பிள்ளை ஒண்டு இருக்கு, பாத்திட்டு வரப் போறன்."

"கவனம். பாயோடை ஒட்ட வைச்சுப்போடுவினம்," என்று சொல்லிச் சிரித்தார்.

எங்கள் ஊரில் மட்டக்களப்பு என்ற பேச்சு எடுத்தால் இந்தக் கதை வராமல் இருக்காது. அங்கே போகிறவனுக்கு உட்காரப் பாய் போடுவார்களாம். மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்து, ஊர் திரும்ப விடாமல் செய்துவிடுவார்களாம். இதைச் சொல்லுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் எட்டியும் பார்த்திராதவர்கள். நானும் பெருமையடிக்க முடியாது. கொழும்பில் ஒரு தபால் கந்தோரில் ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகுதான் கிழக்குக் கரையை முதன்முதலாகப் பார்க்கப் புறப்பட்டிருக்கிறேன். மாஸ்டருக்கு நான் முறுவலிக்கக்கூட இல்லை. தண்ணீருக்குள் நின்றுகொண்டு எப்படி முறுவலிப்பது?

முற்பகல் பதினொரு மணிக்குத் திருகோணமலை நிலையத்தில் ஒரு பிளேன்டீ குடித்தேன். அறுபது ரூபாய், சீனியை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். பிறகு வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். பனிச்சங்கேணிக்கு டிக்கெட் முந்நூற்று எண்பது ரூபாய். ஒரேயொரு இடம்தான் இருந்தது, அதுவும் ஒரு மனிதனுக்குப் பக்கத்தில். கண் இரண்டும் செக்கச் செவேலென்று இருந்தன. சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். மடியில் எதையோ சாக்கில் சுற்றி வைத்திருந்தான், அதிலிருந்து மண்ணெண்ணெய் வாடை வந்தது. பகலிலேயே ஊற்றிவிட்டான் போல, கடவுளே என்று நினைத்துக்கொண்டு என் பையை இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

மூதூர் கடந்தது. வெருகல் பாலத்தில் ஆறு கரையை மேவிக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு அந்த மனிதன் எழுந்தான்.

"அக்கா, நீங்க ஜன்னல் பக்கம் இரிங்க. நான் தினமும் பாக்கிறதுதானே."

குரல் தெளிவாக இருந்தது. குடித்தவன் குரல் இல்லை. பெயர் தவராசா, பனிச்சங்கேணிக் கரையில் மீன்பிடிக்கிறவன். சாக்குக்குள் இருந்தது படகு எந்திரத்தின் சுழலி. திருத்திக்கொண்டு போகிறான். "கண்ணென்ன தம்பி இப்பிடிச் சிவந்து கிடக்கு?" என்று கேட்டேவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"வீட்டுக்குள்ள தண்ணி அக்கா. ரெண்டு மூண்டு நாளா நானும் மனிசியும் மாறி மாறி அள்ளி ஊத்துறம். நித்திரையே இல்ல. ஆத்துவாய் மூடிக் கிடக்கு, மழைத் தண்ணி போக வழியில்ல."

பையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். முகம் சுட்டது.

கடலை ஒட்டித் தேங்கிக் கிடக்கும் களப்பை மட்டக்களப்பார் 'ஆறு' என்றுதான் சொல்வார்கள். அந்த ஆறு கடலைச் சேரும் இடம் ஆற்றுவாய். கோடையில் கடல் மணலைத் தள்ளி அந்த வாயை மூடிவிடும். மாரியில் தண்ணீர் ஏறியதும் ஆட்கள் இறங்கி மணல்மேட்டை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் களப்பின் ஓரத்து வயலெல்லாம் முழுகிப்போகும். இதைத் தவராசா எனக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னான்.

"அப்ப வெட்டுறதுதானே?"

"வட்டைக்காரர் வந்து கேக்கோணும் அக்கா." வட்டை என்றால் வயல்வெளி. "அதுதான் வழமை. அவங்க வெத்தில கொண்டு வந்து கேப்பாங்க, நாங்க வெட்டுவம். வெட்டினாப் பிறகு கடல் கொந்தளிச்சு உப்பு உள்ளுக்கு ஏறினா வெள்ளாமை கருகிரும். அதனால கேட்டவங்க பொறுப்பு. நாங்களா வெட்டினா, இறாலுக்கு ஆசப்பட்டு வெட்டி எங்கட வயல அழிச்சானுகள் எண்டு காலத்துக்கும் சொல்லுவாங்க. முந்தி ஒருக்கா அப்பிடிச் சொல்லி அடிபாடும் நடந்தது."

"இந்த முறை கேக்கேல்லையோ?"

"ஒரு குருவி வரல்ல. அவங்க மண் வெட்டுற பெக்கோ மெசின் கொண்டுவந்து தங்கட பாட்டில வெட்டப் போறாங்களாக்கும். எங்களத் தேவையில்லப் போல."

வாகரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பஸ் பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறியது. வலது பக்கம் களப்பு, எல்லையே தெரியாமல் மேகத்தின் நிறத்தில் அசையாமல் கிடந்தது. இடது பக்கம் வங்கக் கடல் வெள்ளையாக இரைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு மணல் வரம்பு, ஒரு மூச்சில் ஓடிக் கடந்துவிடலாம், அவ்வளவுதான் அகலம். களப்பின் தண்ணீர் கடலைவிட உயரமாக நின்றது. ஐயோ, என் கண்ணாணையாகச் சொல்கிறேன், உயரமாக நின்றது. அத்தனை தண்ணீரையும் அந்த ஒரு பிடி மணல் தாங்கிக்கொண்டிருந்தது.

பாலம் தாண்டி இறங்கியபோது பிற்பகல் இரண்டு மணி. தவராசா சுழலியைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தான். யோகா தன் ஸ்கூட்டியோடு காத்து நின்றாள். யோகேஸ்வரி. கொழும்பில் நாலு வருடம் என் அறையில் பாதியும் என் சோற்றில் பாதியும் அவளுடையவை. கல்யாணம் முடித்து ஊரோடு வந்துவிட்டாள். கணவன் கட்டாரில் லொறி ஓட்டுகிறார், மகன் மட்டக்களப்பு நகரத்தில் தங்கிப் படிக்கிறான். வயலை இவள்தான் பார்க்கிறாள்.

"பத்மாக்கா! மெலிஞ்சு போனீங்களே!"

"நீ பொய் சொல்லாத. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ, பசிக்குது."

ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர். பாதி வழி தண்ணீருக்குள்ளால் போனோம். நான் காலை இரண்டு பக்கமும் தூக்கிப் பிடித்தபடி, அவள் தோளை நசித்துக்கொண்டு இருந்தேன். கொக்குகள் தெருவிலேயே நின்று மீன் பிடித்தன. எங்களைக் கண்டு அவை விலகவும் இல்லை.

இறால் ஆணமும் சோறும் தந்தாள். 'ஆணம்' அவர்களுக்குக் குழம்பு. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். யோகா சாப்பிடவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். என்னடி என்றேன். "வாங்க, காட்டுறன்," என்று பின்பக்கத்தால் கூட்டிப்போனாள்.

வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய வட்டை தொடங்குகிறது. வரம்பு எது வயல் எது என்று தெரியவில்லை. ஒரே வெள்ளம். உற்றுப் பார்த்தால் தண்ணீருக்கு மேலே பச்சை நுனிகள் தெரிந்தன, சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாக.

"இது ரெண்டாம் விதைப்பு அக்கா. முதல் விதைச்சது கார்த்திகை மழையில அழுகிட்டு. இந்த நுனியும் தாழ்ந்தா பயிருக்கு மூச்சு முட்டிரும். மூண்டாம் தரம் விதைக்க விதையும் இல்ல, காலமும் இல்ல. இந்த வருசம் எனக்கு இல்லயெண்டுதான் அர்த்தம்." அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லவாவது வந்திருக்கும்.

"ஆத்துவாயை வெட்டினா?"

"வெட்டினா ரெண்டு நாளில வடிஞ்சிரும். மீன்காரர் விடமாட்டாங்களே! இறால் பெருக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிரிக்காங்க."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

மாலை நாலு மணிக்கு வட்டைக்காரர்களின் கூட்டம். வரம்போரத்தில் தகரம் போட்ட ஒரு வாடி, அதற்குள் பதினைந்து பேர் வரை இருந்தார்கள். யோகா ஒருத்திதான் பெண். அவளோடு நானும் போய் ஒரு யூரியாச் சாக்கின் மேல் உட்கார்ந்தேன். அந்த வட்டைக்குப் பொறுப்பானவரை வட்டைவிதானை என்பார்கள். தண்ணீர் விடுவது, விதைப்பு நாள் குறிப்பது, வழக்குத் தீர்ப்பது எல்லாம் அவர். நல்ல உயரமான மனிதர், வெள்ளைச் சட்டையில் ஒரு சேற்றுப் பொட்டு இல்லை.

"நீர்ப்பாசனக் கந்தோருக்கு ரெண்டு தரம் எழுதிப்போட்டிரிக்கன்," என்றார் அவர். "ரெண்டு பகுதியும் சம்மதிச்சா வெட்டலாம் எண்டு அவங்க முந்தியே சொல்லிட்டாங்க. நாங்க சம்மதம். அங்கால கரைதான் சம்மதிக்கல்ல. நாம என்ன செய்ற?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் மீன்காரரை ஏசினார். இன்னொருவர் அந்த ஏச்சுக்கு மெருகு போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. விருந்தாளி வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று தெரியும், தெரிந்து என்ன பயன்?

"குறை நினைக்காதையுங்கோ. நான் வந்த பஸ்ஸிலை அந்தக் கரை ஆள் ஒருத்தர் வந்தவர். அவருக்கு வீட்டுக்குள்ளை தண்ணி. வந்து கேட்டா உடனை வெட்டுவம் எண்டு சொன்னவர். நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையாம்."

பதினைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு வட்டைவிதானையைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலை எச்சிலை வெளியே துப்பிவிட்டு வந்து, மெதுவாகச் சொன்னார்:

"கேக்கிறது பெரிய விசயமில்ல புள்ள. கேட்டுப்போட்டு உப்பு ஏறினா ஆரு பதில் சொல்ற? முழு வட்டையும் கருகினா எண்ட வாசலிலதானே எல்லாரும் வந்து நிப்பாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவரைக் கோழை என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது நியாயமில்லை. கடல் எப்போது கொந்தளிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவர் பயந்தது உண்மையான பயம். அங்கிருந்த பதினைந்து பேருக்கும் அதே பயம்தான். மீன்காரர் விடமாட்டார்கள் என்று நம்புவது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அந்த நம்பிக்கை இருக்கும்வரை ஒருவரும் வெற்றிலையைக் கையில் எடுக்க வேண்டியதில்லை.

யோகா எழுந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கொழும்பில் வீட்டுக்காரியோடு சண்டைக்குப் போகுமுன் இப்படித்தான் செருகுவாள்.

"நான் கேக்கிறன்," என்றாள். "உப்பு ஏறினா எண்ட வாசலுக்கு வாங்க."

"என்னகா யோகா, விளையாட்டில்ல இது," என்றார் வட்டைவிதானை.

"எண்ட வயலும்தானே அதுக்குள்ள கிடக்கு. விளையாடுவனா?"

வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். நல்லது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஐந்தரை மணிக்கு நாங்கள் மறுபடி பாலத்தடிக்கு வந்தோம். யோகா வீட்டிலிருந்து வட்டா ஒன்றை எடுத்து வந்திருந்தாள். வட்டா என்றால் கால் வைத்த பித்தளைத் தட்டு, வெற்றிலை வைத்து நீட்டுவதற்கு. அதை நான்தான் பின்னால் இருந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். வெற்றிலை நனையாமல் இருக்க என் குடையை அதற்குப் பிடித்தேன், நான் நனைந்தேன்.

கரையில் வீட்டுக்கு வீடு பெண்கள் வாளியால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பாயும் தலையணையும் படகுகளுக்குள் ஏறியிருந்தன. நாங்கள் வருவதைக் கண்டு தவராசா வெளியே வந்தான். அவனோடு இன்னும் ஏழெட்டுப் பேர். அவர்களுடைய சங்கத்துக்கு அவன்தான் தலைவன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பஸ்ஸில் அவன் அதைச் சொல்லவில்லை.

யோகா வட்டாவை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எங்கட வட்டைக்காக வந்திரிக்கன் அண்ணன். ஆத்துவாய் வெட்டித் தாங்க."

தவராசா வெற்றிலையைத் தொடவில்லை. "வட்டைவிதானை எங்க?"

"அவர் வரல்ல. நான் கேக்கிறன்."

"உப்பு ஏறினா?"

"எண்ட பொறுப்பு."

ஒரு மெலிந்த மனிதன் குறுக்கே வந்தான். "உள்ளதச் சொல்லுறன். இன்னும் நாலு நாள் பொறுத்தா இறால் நல்லாப் பெருக்கும். அது எங்களுக்கு நட்டம்தான்." அந்த மனிதன் தன் வீட்டு வாசலில் வாளியோடு நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "அதுக்காக வயல் அழுகட்டும் எண்டு நாங்க ஆரும் சொல்லல்ல. கேட்டாத்தானே மறுகா கதைக்கிற?"

தவராசா வட்டாவிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தான். மற்றவர்களும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். மெலிந்த மனிதன் கடைசியாக எடுத்தான்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. மழை விட்டிருந்தது. மணல்மேட்டில் மண்வெட்டியோடு நாற்பது பேர் இருக்கும். அந்தக் கரைக்காரர் அத்தனை பேரும், எங்கள் வட்டையிலிருந்து நாலைந்து பேரும் வந்திருந்தார்கள். வட்டைவிதானையும் வந்தார், ஆனால் தூரத்தில் நின்றார். தவராசா காலால் ஒரு கோடு போட்டு, "இஞ்சதான். ஒரு மணித்தியாலத்தில கடல் காட்டுறன், பாருங்க அக்கா," என்று என்னிடம் பீற்றிக்கொண்டான். ஒன்றரை மணித்தியாலம் வெட்டினார்கள். அடியில் பாறை தட்டியது. எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், அவனும் சிரித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். யோகா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் வயல் பக்கமே இருந்தது. இன்னும் வடக்கே தள்ளி மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை நானும் ஒரு மண்வெட்டியை வாங்கிப் பத்துத் தரம் வெட்டினேன். அதற்குள் இடுப்புப் பிடித்துக்கொண்டது. போதும் அக்கா, எங்களுக்கு வேலை கூட்டாதீங்க என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், களப்புப் பக்கத்தில் விட்டிருந்த கடைசி மண்ணைத் தவராசா மண்வெட்டியின் நுனியால் இழுத்துவிட்டான். கைவிரல் அகலத்தில் ஒரு நீர்க்கோடு வந்தது. மேசையில் சிந்திய தேநீர் ஓடுகிற மாதிரி வழி தேடித் தேடி ஓடிற்று. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

அது கடலைத் தொட்டது. தொட்ட பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? கோடு கை அகலமானது. பிறகு வாய்க்கால் ஆனது. இரண்டு பக்கத்து மணலும் பாளம் பாளமாகப் பிளந்து உள்ளே விழத் தொடங்கியது. "ஒதுங்குங்க! ஒதுங்குங்க!" என்று கத்திக்கொண்டு எல்லோரும் பின்னால் ஓடினோம். நான் நின்ற இடம் ஒரு நிமிடத்தில் இல்லாமல் போனது. கால் மணித்தியாலத்தில் அது ஆறு. பிறகு அது ஆறும் இல்லை, முழுக் களப்பும் எழுந்து நடந்து போகிறது. கபில நிறத் தண்ணீர் முதுகு புடைத்துப் பாய்ந்தது, வங்கக் கடலின் அலையைப் பின்னுக்குத் தள்ளியது. அலைகள் எழுந்து வந்து அதில் மோதி மதில்போல் நின்று உடைந்தன. காலடியில் நிலம் அதிர்ந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நின்றவளின் குரல் கேட்கவில்லை. மீன்கள் வெள்ளி வெள்ளியாகத் துள்ளின. எங்கிருந்து வந்தனவோ தெரியாது, வானம் நிறையப் பறவைகள்: செம்பருந்து, கூழைக்கடா, பெயர் தெரியாத வெள்ளைக் குருவிகள். கரைப் பெண்கள் வாளிகளைப் போட்டுவிட்டுக் குரவையிட்டார்கள். அந்தக் குரவை மட்டும் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கேட்டது.

நான் அழுதுகொண்டிருந்தேன். ஏன் என்று தெரியாது. கோயில் தேரைக் கண்டும் எனக்கு இப்படிக் கண்ணீர் வந்ததில்லை. காலையில் மனிதர் மண்வெட்டியால் கீறிய ஒரு கோடு இது. இவ்வளவு பெரியது இவ்வளவு சின்னதுக்குள் இத்தனை நாளும் அடங்கிக் கிடந்திருக்கிறது.

மீன்காரர் வலையோடு இரண்டு பக்கமும் இறங்கிவிட்டார்கள். இறால் அள்ள அள்ள வந்தது. மெலிந்த மனிதன் கூடை நிறையக் கொண்டுவந்து யோகாவுக்கு நீட்டினான். அவள் வாங்கவில்லை. "நாளண்டைக்கு வாறன் அண்ணன். அதுக்குப் பிறகு தின்னுவம்," என்றாள். அப்போதுதான் நினைத்தேன்: தண்ணீர் வடிவது பாதிக் கதை. வடிந்த பிறகு கடல் உள்ளே வருமா என்பது மீதிக் கதை, அது அவள் தலையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அன்று முழுவதும் காற்று வடகிழக்கிலிருந்து வீசியது, கடல் இரைவது யோகாவின் குசினி வரைக்கும் கேட்டது. வரம்புகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு மேலே வந்தன. பயிர் முழங்காலளவு தெரிந்தது, மண்ணிறமாக, சோர்ந்துபோய். வழியில் கண்டவர்கள் யோகாவோடு அதிகம் கதைக்கவில்லை. ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "காத்துச் சரியில்லப் போல," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவரை ஒரு அறை அறையலாம் போல் இருந்தது எனக்கு.

திங்கட்கிழமை விடிய, வெளிச்சம் வந்ததும் யோகா புறப்பட்டாள். அவளுடைய கடைசி வயல் களப்பைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. உப்பு வந்தால் முதலில் அங்கேதான் வரும். நாக்கில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் பின்னால் போனேன். வரம்பு வழுக்கியது.

கடைசி வரம்பில் எங்களுக்கு முன்னே ஓர் ஆள் இருந்தான். பக்கத்தில் தோணி கட்டியிருந்தது. முழங்காலில் குந்தி, யோகாவின் வயல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டுக்கொண்டிருந்தான். தவராசா. களப்பைக் குறுக்கே கடந்து, இருட்டோடு இருட்டாகத் தோணி வலித்து வந்திருக்க வேண்டும். அவன் கண் இன்றைக்கும் சிவப்பு.

"நீங்க என்னத்துக்கு அண்ணன்?" என்றாள் யோகா. "கேட்டவங்கதானே பொறுப்பு."

"கேட்டது நீதான்," என்றான் அவன். "வெட்டினது நாங்கதானே. எப்பிடிப் படுத்திரிக்கிற?"

பிறகு எழுந்து அவளுக்கு இடம் விட்டான். தன் நாக்கில் பட்டது என்ன என்று அவன் சொல்லவில்லை. யோகா குந்தினாள். கையை நனைத்தாள். வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அக்கா," என்றாள். "நீங்களும் பாருங்க. எண்ட நாக்க நான் நம்பமாட்டன்."

குந்தி அள்ளிக் குடித்தேன். சேறு, புல், மழை. உப்பு இல்லை. "பச்சைத் தண்ணியடி!" என்று கத்தினேன். யோகா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். தவராசா திரும்பி நின்று சாரத்தால் முகத்தைத் துடைத்தான். எங்களுக்குப் பின்னால் வரம்பில் யாரோ வரும் சத்தம் கேட்டது. வட்டைவிதானை. வெள்ளைச் சட்டை இல்லை, வெறும் மேல், முழங்கால்வரை சேறு. குந்தி அவரும் ஒரு கை அள்ளி வாயில் விட்டார். விழுங்கினார்.

"அடுத்த முறை நான் வருவன்," என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

பதினொரு மணி பஸ்ஸுக்குத் தவராசாவே வந்து பனிச்சங்கேணியில் கை காட்டி நிறுத்தினான். மடியில் எனக்கு ஒரு பொதி இறால், வாழையிலையில் சுற்றியது. பாலத்தின் மேல் பஸ் போனபோது எழுந்து நின்று பார்த்தேன். களப்பும் கடலும் ஒரே மட்டத்தில் இருந்தன. நடுவில் ஆற்றுவாய் அகலமாகத் திறந்து, வெயிலில் அமைதியாக உள்ளே கொஞ்சம் வெளியே கொஞ்சம் அசைந்துகொண்டிருந்தது. போன வெள்ளிக்கிழமை அந்த ஒரு பிடி மணல் கிடந்த இடம் அது.

சாவகச்சேரியில் இறங்கும்போது மாலை ஆறு மணி. இங்கேயும் மழை. சந்தி முனைக் கடையில் ஒரு கட்டு வெற்றிலை வாங்கினேன். "ஆருக்கக்கா, நீங்கள் போடுறேல்லையே?" என்று கடைக்காரர் கேட்டார். காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன். என் படலையைத் திறக்கவில்லை, பையைக்கூட வைக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வளவுப் படலையில் போய் நின்றேன். கால் தண்ணீருக்குள் நின்றது, வெற்றிலைக் கட்டை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தேன்.

"மாஸ்டர்," என்று கூப்பிட்டேன். "நிக்கிறியளோ? ஒரு விசயம் கேக்க வந்தனான்."